கூப்பிட்டால் வராதது

ஒரு விடுகதை போடட்டுமா தம்பி? மதுரை போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. கூப்பிட்டால் வராது. கூப்பிடாமல் இருந்தால் வரும். அது என்ன?

தூக்கமா? நானும் அதைத்தான் சொன்னேன். இல்லையாம்.

இது என் மகள் எழுதிய விடுகதை. தங்கமாரி என்று பெயர். ஆறாம் வகுப்பு. மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பிள்ளைகளே கையால் எழுதிப் படம் வரைந்து மாதம் ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள். போன மாதம் நான் பார்க்கப் போனபோது காட்டினாள். காட்டினாள் என்றால், மேசைமேல் கிடந்தது, நான் எடுத்துப் பார்த்தேன். தூக்கம் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். “அப்ப நாயா?” என்றேன். அதற்கும் இல்லை. விடை அடுத்த இதழில் வருமாம். இன்றைக்கு வந்திருக்கும்.

உங்களிடம் ஏன் கேட்டேன் என்றால், அந்த வயர் கூடையில் துண்டுக்கு அடியில் இருப்பது சிப்பிப்பாறைக் குட்டிதானே? மூக்கு நுனி தெரிந்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். இழுத்து மூடுங்கள், கண்டக்டர் பார்த்தால் லக்கேஜ் போட்டுவிடுவார். எங்கே கொண்டு போகிறீர்கள்? சென்னைக்கா? மூன்றாவது மாடியா? சரி, சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இல்லை, சொல்கிறேன். இந்த ஜாதி நாய் ஒன்றை வளர்த்தவன் நான். பயிற்சி கொடுத்தவன். பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டிரைவிங் ஸ்கூல் பெருமாள்சாமி என்று கேட்டுப் பாருங்கள். பத்தொன்பது வருடம். இருபத்து நான்கு நாள் பாடத்திட்டம். நான் சொல்லிக்கொடுக்கும் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, பார்த்திருப்பீர்கள். ஓட்டுபவன் தப்புச் செய்வதற்கு முன்னால் நான் மிதித்துவிடுவேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. என் காலை அந்தப் பிரேக்கைவிட்டு எடுத்ததே இல்லை.

நான் வளர்த்த நாயை எனக்குக் கொடுத்தது குருவையா. மேற்கே ஒரு கரிசல் கிராமம். என்னிடம் ஓட்டப் படித்தவன். நல்ல பையன்தான், ஆனால் கை நடுங்கும். நான் “பிரேக்!” என்றால் வண்டி அணைந்துவிடும். லைசென்ஸ் தேர்வில் மூன்று தடவை தோற்றான். நான்காவது தடவைக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். அந்த ஒரு வாரமும் மச்சான் வண்டியை எடுத்துத் தனியாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறான். தேர்வில் ஜெயித்துவிட்டான். அதுவரை நான் கொடுத்த பயிற்சி உள்ளே ஊறிக் கிடந்திருக்கிறது பாருங்கள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். சாம்பல் நிறம். பொட்டை. இரண்டு கைக்குள் அடங்கிவிடும்.

“மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு,” என்றான். “இத அதட்டக் கூடாது. அதட்டுனா ஒடுங்கிரும். அப்புறம் மனுசன நம்பாது.”

“நாய்தானப்பா, கண்ணாடியா?” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டு போனேன். மாரி அப்போது ஐந்தாம் வகுப்பு. அதிகம் பேசாத பிள்ளை. நல்ல பிள்ளை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டிவி நின்றுவிடும், புத்தகம் திறந்துவிடும். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அப்படி வளர்த்திருக்கிறேன். குட்டியைத் தரையில் விட்டேன். என் மனைவி செண்பகம், “ஐயோ, இதென்ன இம்புட்டு ஒல்லி,” என்றாள். மாரி வந்து தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். குட்டி போய் அவள் பாவாடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

நான் அதற்கு ராக்கெட் என்று பெயர் வைத்தேன். வேகத்துக்குப் பெயர் போன நாயாயிற்றே. அந்தப் பெயருக்கு அது ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த நாயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? தெரிந்துகொள்ளுங்கள். விலா எலும்பு தெரியும், பக்கத்து வீட்டுக்காரர்கள், “மாஸ்டர் வீட்டுல நாய்க்குச் சோறு போடுறதில்லையா?” என்று கேட்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள், அதன் உடம்பு வாகே அப்படி. காரணமில்லாமல் குரைக்காது. வந்தவன் கையை எல்லாம் நக்காது. குளிர் தாங்காது, மார்கழியில் சாக்கு போட்டு வையுங்கள். முறைத்துப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைத் திமிர் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆறு மாதம் ஆனதும் பயிற்சியைத் தொடங்கினேன். இருபத்து நான்கு நாள் பாடத்திட்டம். பிரிட்ஜ் கதவில் மாரியின் படிப்பு அட்டவணை ஒட்டியிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே நாயின் அட்டவணையையும் ஒட்டினேன். காலை ஐந்தரைக்கு விசில். முதல் நான்கு நாள் ‘உட்கார்’. அடுத்த நான்கு நாள் ‘நில்’. பிறகு ‘வா’.

செண்பகம் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நாய்க்கு எல் போர்டு மாட்டலையா?” என்றாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

அடித்தேனா? அடித்ததே இல்லை தம்பி. செய்தித்தாளைச் சுருட்டி அதற்குப் பக்கத்தில் தரையில் ஒரு தட்டு. அவ்வளவுதான். மாரிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் மேசையில்தான் தட்டுவேன். அவள்மேல் ஒரு நாளும் என் கை பட்டதில்லை.

உட்காருவதை இரண்டே நாளில் படித்துவிட்டது. மூன்றாம் நாள் விசிலை வாயருகே கொண்டுபோனாலே உட்கார்ந்துவிடும். முதுகு நேராக, காது பின்னால் ஒட்டிக்கொண்டு, சிலை மாதிரி. எனக்கு எவ்வளவு பெருமை! தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ‘வா’ என்பதில்தான் சிக்கல். “ராக்கெட், வா!” என்றால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். கிட்டே போனால் மல்லாந்து வயிற்றைக் காட்டும். தரை நனைந்துவிடும். செண்பகம் துடைப்பாள்.

“ஏங்க, அது பயப்படுதுங்க,” என்றாள் ஒரு நாள்.

“பயம் வேற, மரியாதை வேற. ஒனக்குத் தெரியாது,” என்றேன்.

ஒரு சாயங்காலம் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லில் மாரி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நாய் வேப்பமரத்தடியில் இருந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை, பார்க்கவில்லை, கையில் பிஸ்கட்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் நாய் எழுந்தது. ஒவ்வொரு அடியாக வந்தது. வந்து அந்த நீளமான மூஞ்சியை அவள் தோள்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. மாரி எழுதிக்கொண்டே ஏதோ சொன்னாள். நாயிடம் பேசினாள். நிறையப் பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என்ன பேசுகிறாள் என்று கேட்கலாமென்று கிட்டே போனேன். செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் நிமிர்ந்து நேராக உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றைக்கே சொல்லிவிட்டேன். இனிமேல் நாய்க்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது, கொல்லைப்புறத்துக்குப் புத்தகத்தை எடுத்துப் போகக் கூடாது, சோறு நான்தான் வைப்பேன் என்று. எஜமான் யார் என்று நாய்க்கு ஒரே ஆளாகத் தெரிய வேண்டும். இரண்டு ஸ்டீயரிங் இருந்தால் வண்டி எங்கே போகும்?

மாரி, “சரிப்பா,” என்றாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

இறுக்கி மூடாதீர்கள் தம்பி, கூடையைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். காற்று வேண்டாமா? ம், தூங்குகிறது.

இருபத்து நான்காம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே எங்கள் மைதானம் இருக்கிறது. தகர டப்பாக்களை வைத்து எட்டுப் போட்டுப் பழகுகிற இடம். என்னிடம் படிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேரை வரச் சொல்லியிருந்தேன். மாரியையும் கூட்டிப் போனேன். நாயைக் கயிற்றோடு எட்டுப் போட வைத்தேன். நம்ப மாட்டீர்கள், ஒரு டப்பாவில்கூட இடிக்காமல் சுத்தமாக எட்டுப் போட்டது! எல்லோரும் கை தட்டினார்கள். “மாஸ்டர், அதுக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுங்க,” என்று ஒருவன் கத்தினான்.

அந்தக் கைதட்டலில் நான் கயிற்றைக் கழற்றிவிட்டேன். ஐம்பது அடி தள்ளிப் போய் நின்று, “ராக்கெட், வா!” என்றேன்.

உட்கார்ந்தது.

விசில் அடித்தேன். உட்கார்ந்தே இருந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள். யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த தகர டப்பாவைக் காலால் ஓர் எத்து எத்தினேன். நாயை எத்தவில்லை, டப்பாவைத்தான். அது உருண்டு போட்ட சத்தத்தில் நாய் எழுந்தது. எழுந்து ஓடியது.

தம்பி, அது ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை. கயிற்றில் எப்படி ஓடும்? மேற்கே காட்டைப் பார்த்து ஓடியது. முதுகு வில்லாக வளைந்து நிமிர்கிறது, நாலு காலும் ஒன்றாகத் தரையைவிட்டு எழும்புகிறது, புழுதிகூட அது போன பிறகுதான் கிளம்புகிறது. ஒரு நிமிடம்கூட இருக்காது. பொட்டாகி, பிறகு அதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் மாரி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு எரிச்சல். நாய் ஓடிவிட்டது, இவளுக்குச் சிரிப்பு என்ன? “என்னட்டி சிரிப்பு?” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்று நாள் தேடினேன். மாரி பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போவாளாம், செண்பகம் சொன்னாள். சோறு சரியாக இறங்கவில்லையாம். கொல்லைப்புறத்தில் நாயின் மண்சட்டியில் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்தாள். அதை நான் தடுக்கவில்லை.

நான்காம் நாள் குருவையா போன் செய்தான். “மாஸ்டர், நாய் இங்க வந்து கெடக்கு. உள்ளங்கால் நாலும் தோல் உரிஞ்சு போச்சு. மஞ்சப் பத்து போட்டிருக்கேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்க.”

பதினேழு கிலோமீட்டர். குட்டியாக ஒரே ஒரு தடவை பைக்கில் வந்த வழி. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். மாரியும் வந்தாள். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துப் பிரேக்கில் கால் பட்டுவிடாமல் இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு வந்தாள். சின்னதிலிருந்தே அப்படிப் பழக்கியிருக்கிறேன். கையில் ஒரு டப்பா வைத்திருந்தாள். தயிர்ச் சோறு. நாய்க்கு.

போன உடனே நான் கயிற்றை எடுத்தேன். குருவையா மறித்தான்.

“மாஸ்டர், எங்க ஊர்ல ஒரு வழக்கம். குடுத்த நாய் திரும்பி வந்துட்டா, கட்டி இழுத்துட்டுப் போகக் கூடாது. எங்களுக்கும் வச்சுக்க உரிமை இல்ல. காட்டுல அவுத்து விடுவோம். வளத்தவங்க தள்ளி நின்னு கூப்பிடணும். வந்தா கூட்டிட்டுப் போங்க. வரலைன்னா இங்கயே விட்ருங்க. கட்டி இழுத்த நாய் எப்படியும் மறுபடி ஓடிரும், வழியில லாரியில அடிபட்டுச் சாகும். எங்க சித்தப்பா நாய் அப்படித்தான் போச்சு.”

சரியான வழக்கம்தான். எனக்கு அதில் மறுப்பில்லை. பயிற்சி கொடுத்தவன் நான், கூப்பிட்டால் வரத்தானே வேண்டும்?

சோளம் அறுத்த கரிசல் காடு. அறுத்து மிச்சமான அடித்தாள் நட்டுக்கொண்டு நின்றது. குருவையாவும் அவன் வீட்டுக்காரியும் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் வரப்பில் நின்றார்கள். நாயை நடுவில் விட்டார்கள். நான் ஐம்பது அடி தள்ளி நின்றேன். விசிலை எடுத்து ஊதினேன்.

உட்கார்ந்தது. முதுகு நேராக, காது பின்னால் ஒட்டிக்கொண்டு. புண்ணான காலோடு அந்தத் தாளுக்கு நடுவில் எப்படி நேராக உட்கார்ந்தது என்கிறீர்கள்! என் பயிற்சியை ஓர் இம்மிகூட மறக்கவில்லை. “வா!” என்றேன். நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று தடவை கூப்பிட்டேன்.

குருவையா வீட்டுக்காரி, “பாவம், அதுக்கு எந்திரிக்கத் தெரியலையே,” என்றாள்.

“பாப்பா கூப்பிடட்டும் மாஸ்டர்,” என்றான் குருவையா.

மாரி என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன். காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனாள். திரும்பினாள். நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் செய்யக் கூடாது என்று சொன்ன அதே காரியம்! அத்தனை பேர் முன்னால் நான் எதுவும் சொல்லவில்லை. மெதுவாக ஒரு பெயரைச் சொன்னாள். ராக்கெட் இல்லை. வேறு ஏதோ. உதடு அசைந்தது தெரிந்தது, என் காதில் விழவில்லை. அவள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாய் எழுந்தது. நொண்டி நொண்டி வந்தது. வந்து மூஞ்சியை அவள் தோளில் வைத்தது.

வரப்பில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். “பாப்பா ஜெயிச்சிட்டா!” “அவ நாய்தான்யா அது!” குருவையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கூட்டிட்டுப் போங்க மாஸ்டர், இனி ஓடாது,” என்றான்.

இதோ, திருமங்கலம் வந்துவிட்டது. இன்னும் அரைமணி நேரம். இந்தப் பையில் இருப்பது காரச்சேவு. சாத்தூர்க் காரச்சேவு மாரிக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன், கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். விடுதிக்குப் போனது அவளாகக் கேட்டது தம்பி. நாங்கள் அனுப்பவில்லை. நாய் விஷயம் முடிந்த மறுவாரம் விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். ஒரு தப்பு இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை. செண்பகம் அழுதாள். “ஏட்டி, அம்மாவ விட்டுட்டு இருந்துருவியா?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பத்து வயதில் எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்பேன். “தங்கமாரி, அப்பா வந்திருக்காங்க,” என்று வார்டன் கூப்பிட்டதும் வந்து எதிர் நாற்காலியில் உட்காருவாள். முதுகு நேராக, இரண்டு கையும் மடிமேல். கேட்டதற்குப் பதில் சொல்வாள். நேரம் முடிந்தால் எழுந்து போவாள். மற்றப் பிள்ளைகள் அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறார்கள், கத்துகிறார்கள், அழுகிறார்கள். இவள் அப்படி இல்லை. வார்டனே ஆச்சரியப்படுவார்கள். “உங்க பொண்ணு மாதிரி நான் பார்த்ததில்ல சார்,” என்றார்கள். அவர்கள் அதைச் சொன்னபோது முகம் ஏன் அப்படி இருந்தது என்று தெரியவில்லை. வேலைக் களைப்பாக இருக்கும்.

அந்த விடுகதை மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. தூக்கமும் இல்லை, நாயும் இல்லை என்றால் வேறு என்ன? போகிற பஸ்ஸில் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்கிறேன்.

என்ன? அன்றைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தோமா என்றா? அதைச் சொல்லவில்லையா நான்?

கேளுங்கள். நான் நியாயமானவன். அது மாரி கூப்பிட்டு வந்த நாய். அதனால் முடிவை அவளிடமே விட்டேன். எந்த அப்பன் விடுவான்? காட்டுக்குள் போய் அவள் முன்னால் நின்றேன். நாய் அவள் தோளிலிருந்து மூஞ்சியை எடுத்து நேராக உட்கார்ந்தது. தயிர்ச் சோற்று டப்பா இன்னும் திறக்காமல் அவள் மடியில் இருந்தது.

“மாரி, ரெண்டே வழிதான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம். ஆனா முதல் நாள்ல இருந்து மறுபடியும் பயிற்சி. இருபத்து நாலு நாளும் நான்தான். நீ கிட்டப் போகக் கூடாது. இல்லைன்னா இங்கயே விட்டுட்டுப் போலாம். ஒனக்கு எது வேணுமோ நீயே சொல்லு,” என்றேன். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டேன்.

மாரி டப்பாவைத் திறந்து சோற்றை காய்ந்த சோளத் தோகையின்மேல் கொட்டினாள். நாய் தின்று முடிக்கும்வரை இருந்தாள். பிறகு எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

“இங்கயே இருக்கட்டும்பா,” என்றாள். போய்க் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.